பாற்பற்களைப் பேணுதல்

நம் கிராமங்களில் குழந்தைக்கு முதற் பல் விழுவது வீட்டார்க்கு ஒரு சிறு திருநாள். விழுந்த பல்லைச் சாணத்திற் பொதிந்து கூரைமேல் எறிந்துவிட்டு, புதுப் பல் என்று முளைக்கும் என்று குழந்தை நாள்தோறும் கண்ணாடி பார்க்கிறது. பெரியவர்கள் சிரித்து மகிழ்கின்றனர். இவ்வழக்கம் இனியது, இதனால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால், இதன் அடியிலே ஓர் எண்ணம் மறைந்து கிடக்கின்றது. பாற்பல் எப்படியும் விழப்போவதுதானே, அதற்கு எதற்குப் பாதுகாப்பு என்பதே அவ்வெண்ணம். தீங்கு செய்வது அதுவே. அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதையும், பிஞ்சுப் பற்களைக் காக்கும் வழிகள் யாவை என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

எங்கள் தவறு ஒன்று

அறிவுரை கூறப் புகுமுன், எங்கள் தவறு ஒன்றை முதலில் ஒப்புக்கொள்வது முறையாகும். ஊராட்சி ஒன்றியத்தில் மாதந்தோறும் நடைபெறும் ஆய்வுக் கூட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளின் எடைப் பட்டியலும் பார்வைக்கு வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த பட்டியலில், நான்கு வயதுப் பெண் குழந்தையொன்றின் எடை ஐந்து மாதங்களாக ஏறாமல் நின்றதைக் கண்டோம். சத்துமாவு ஒழுங்காக வழங்கப்படுகிறதா, முட்டை அளிக்கப்படுகிறதா என்று அம்மையப் பணியாளரைப் பலர் முன்னிலையில் வினவினோம். "எல்லாம் கொடுக்கிறேன் ஐயா, குழந்தை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்க மாட்டேன் என்கிறது" என்று அவர் விடையிறுத்தார். அதனை நாங்கள் சாக்குப்போக்காகவே கொண்டோம். எழுத்து வாயிலாக அவரது விளக்கத்தைப் பெறுமாறு கோப்பிற் குறிப்பும் எழுதினோம்.

அடுத்த வாரம் சாலைப் பணியொன்றைப் பார்வையிட அவ்வூருக்குச் சென்ற நாங்கள், அங்கன்வாடியிலும் நுழைந்தோம். அன்று தடுப்பூசி நாளாதலின் கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கிருந்தார். அவர் அக்குழந்தையை மடியிற் கிடத்தி, மேலுதட்டை மெல்லத் தூக்கி, கைவிளக்கின் ஒளியில் எங்களுக்குக் காட்டினார். மேல் முன்பற்கள் நான்கும் ஈற்றை ஒட்டிய கரிய கட்டைகளாய் நின்றன. கடைவாய்ப் பற்களிற் பெருங்குழிகள். ஒரு புறத்து ஈற்றிலே சீழ்க்கொப்புளம். குழந்தை உணவை வெறுக்கவில்லை. மெல்ல இயலாமல் வாயில் வைத்துக்கொண்டு தவித்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

தாய் வேலைக்குச் செல்வதால் குழந்தையைப் பாட்டியே வளர்த்து வந்தார். இரவில் அழாமல் உறங்குவதற்காகச் சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்து, அது வாயிலிருக்கும்போதே உறங்க வைப்பது அவர் வழக்கம். பகலில் தேநீரில் தோய்த்த வருக்கி. "விழப்போற பல்லுதானுங்களேய்யா, புதுசு மொளைச்சாச் சரியாப் போயிரும்னு இருந்துட்டேன்" என்று அம்மூதாட்டி கண் கலங்கினார். அவரது அன்பிற் குறையில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாதவர்கள் நாங்களே.

அரசு மருத்துவமனையிற் பல் மருத்துவர் இரண்டு பற்களை எடுத்து, ஏனையவற்றுள் காக்கக்கூடியவற்றை அடைத்தார். வலி நீங்கிய பின் குழந்தை உண்ணத் தொடங்கியது. அடுத்து வந்த மாதங்களில் எடையும் ஏறிற்று. கோப்பில் எழுதிய குறிப்பை நாங்களே நீக்கினோம். கடிந்து பேசிய அதே கூட்டத்தில் அப்பணியாளரிடம் வருத்தமும் தெரிவித்தோம்.

இஃது ஓர் ஊரில் மட்டும் நேர்ந்ததன்று. உலகில் ஏறத்தாழ 51 கோடிக் குழந்தைகளின் பாற்பற்களிற் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. நம் நாட்டில் 2002-03-ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய வாய்நல ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர்க்குச் சொத்தை காணப்பட்டது.

பாற்பல்லின் பணி

பாற்பற்கள் 20. இவற்றின் அரும்புகள் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்குகின்றன. பிறந்து 6 மாத அளவில் கீழ் முன்பற்கள் வெளிப்படும். இரண்டரை அல்லது 3 வயதுக்குள் இருபதும் முளைத்துவிடும். ஓரிரு மாதங்கள் முன்பின்னாக முளைப்பது இயல்பே. அது குறித்து அஞ்ச வேண்டுவதில்லை.

பாற்பற்கள் எல்லாம் ஒரே காலத்தில் விழுவன என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. முன்பற்கள் 6 அல்லது 7 வயதில் விழத் தொடங்கும். கடைவாய்ப் பாற்பற்களோ 10 முதல் 12 வயது வரை வாயில் நின்று பணி செய்ய வேண்டியவை. 3 வயதில் சொத்தையுறும் கடைவாய்ப் பல், இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் உணவை அரைக்க வேண்டிய பல்லாகும். அத்துணை ஆண்டுகள் உழைக்கும் ஒன்றை 'விழப்போவது' என்று ஒதுக்குதல் பொருந்துமா?

உணவை மெல்லுதலோடு பாற்பல்லின் பணி முடிந்துவிடுவதில்லை. எழுத்துகளைத் திருத்தமாக ஒலிப்பதற்கு முன்பற்கள் துணை செய்கின்றன. அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு உரிய இடத்தைப் பாற்பல் காத்து நிற்கின்றது. வயலுக்கு வரப்பு எப்படியோ, அப்படியே நிலைப்பல்லுக்குப் பாற்பல். வரப்பு உடைந்தால் அடுத்த வயலின் நீர் இங்கே புகுவதுபோல, பாற்பல் காலத்துக்கு முன்னே எடுக்கப்பட்டால் பக்கத்துப் பற்கள் அவ்விடத்திற் சாய்ந்துவிடும். பின்னர் முளைக்கும் பல் இடமின்றிக் கோணலாய் வளரும். பாற்பல்லின் வேரிற் சீழ் கட்டினால், அதன் அடியில் உருவாகி வரும் நிலைப்பல்லின் மேற்பூச்சும் பழுதுபடக்கூடும்.

மற்றொன்றையும் தாய்மார் கருத்திற் கொள்ள வேண்டும். 6 வயதளவில், பாற்பற்களுக்கெல்லாம் பின்னே, எந்தப் பல்லும் விழாமலே, மேலும் கீழுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. ஒன்றும் விழாமல் முளைப்பதால் இவற்றையும் பாற்பற்கள் என்றே வீட்டார் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இவை வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய நிலைப்பற்கள். இவற்றிற் சொத்தை விழுந்தால், விழுந்து மீண்டும் முளைக்கும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. மீண்டும் முளைக்க ஒன்றும் இல்லை.

சொத்தை உண்டாகும் விதம்

சொத்தைப் பல்லை 'பூச்சிப்பல்' என்பது நம் வழக்கு. பல்லைப் பூச்சி அரிப்பதாகவும், கண்டங்கத்திரி விதையைப் புகைத்து அப்பூச்சியை வெளியேற்றலாம் என்றும் நம்புவோர் இன்றும் உளர். கண்ணுக்குத் தெரியும் பூச்சியோ புழுவோ பல்லில் இல்லை. பல்லின்மேல் படியும் வழவழப்பான அழுக்கில், கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள் வாழ்கின்றன. நாம் உண்ணும் இனிப்பே அவற்றுக்கும் உணவு. இனிப்பை உண்டு அவை அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கின்றது.

எனினும் பல்லுக்கு ஒரு காவலாள் உண்டு. அது உமிழ்நீர். இனிப்புண்ட பின் அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தைச் சிறிது சிறிதாகப் பல்லுக்குத் திரும்பக் கொடுக்கின்றது. இவ்வாறு நாள்தோறும் கரைதலும் நிரம்புதலும் நடைபெறுகின்றன. நிரம்புவதைக் காட்டிலும் கரைவது மிகுந்தால் சொத்தை உண்டாகின்றது. பாற்பல்லின் மேற்பூச்சு நிலைப்பல்லினதைவிட மெல்லியது; ஆகவே சொத்தை விரைந்து உட்புகும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதைப் போலவே, எத்தனை முறை உண்டோம் என்பதும் முக்கியமானது. ஒரு கடலை மிட்டாயைப் பகலுணவோடு உண்டு வாய் கொப்பளிக்கும் குழந்தையின் பல்லுக்கு ஒருமுறையே தாக்குதல். அதே மிட்டாயைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆறு துண்டாக்கிப் பகல் முழுதும் சுவைக்கும் குழந்தையின் பல்லுக்கு ஆறு முறை தாக்குதல். முன்னதில் உமிழ்நீர் வெல்லும். பின்னதில் அதற்கு ஓய்வே கிட்டாது.

சர்க்கரைதான் கெடுதி, வெல்லமும் கருப்பட்டியும் தேனும் நல்லவை என்று கருதுவோர் உளர். நுண்கிருமிகளுக்கு அவ்வேறுபாடு தெரியாது. ரொட்டி, வருக்கி, பன் போன்ற மாவுப் பண்டங்களும் பல்லிடுக்கில் ஒட்டி நின்று தீங்கு செய்வன. இனிப்பை அடியோடு விலக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அது நடைபெறக் கூடியதும் அன்று. இனிப்பை உணவு வேளையோடு கொடுங்கள். இடைவேளைப் பசிக்கு வேர்க்கடலை, சுண்டல், கொய்யா, வெள்ளரி முதலியவற்றைக் கொடுங்கள். பல் முளையாத சிறுவர்க்கும் ஐந்து வயது நிரம்பாதவர்க்கும் கடலையை முழுதாகக் கொடாமல் இடித்துக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அது மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். தாகத்துக்குத் தண்ணீரே போதும்.

இரவுப் புட்டி

உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கின்றது. அந்நேரத்தில் இனிப்புப் பால் வாயிற் தேங்கி நின்றால், காவலாள் இல்லாத களத்து நெல்லைப் போலப் பற்கள் கிடக்கின்றன. முதலிற் பழுதுறுபவை மேல் முன்பற்கள். கீழ் முன்பற்களை நாக்கும் அடிவாயில் சுரக்கும் உமிழ்நீரும் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மேற்பற்கள் கெட்டுக் கீழ்ப்பற்கள் நன்றாயிருப்பதைக் கண்டால், இரவுப் புட்டியின் வேலை என்று பெரும்பாலும் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே, புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்க விடலாகாது. பாலில் சர்க்கரை சேர்க்கும் பழக்கத்தைத் தொடங்காதிருத்தல் நன்று. ஓராண்டு நிறைந்ததும் புட்டியை விடுத்துக் கிண்ணத்திற் பருகப் பழக்கலாம். அழுகையை நிறுத்த ரப்பர் காம்பைத் தேனில் தோய்த்து வாயில் வைத்தல் இரட்டைத் தீங்கு. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேனே ஆகாது. இரவில் இனிப்பான மருந்துநீர் கொடுக்க நேர்ந்தால், அதன்பின் பல்லைத் துடைத்துவிட வேண்டும்.

தாய்ப்பாலைப் பற்றி எவரும் ஐயுற வேண்டா. முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் மற்ற உணவுகளோடு 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் கொடுக்கலாம். பல்லுக்கு அஞ்சித் தாய்ப்பாலை நிறுத்துதல் பெருந்தவறு. பற்கள் முளைத்த பின் அவற்றை நாள்தோறும் துலக்கி வந்தால் போதும்.

தாய் தன் பற்களைப் பேணுவதும் குழந்தையைப் பேணுவதேயாகும். சொத்தைக் கிருமிகள் பெரும்பாலும் தாயின் அல்லது வளர்ப்போரின் உமிழ்நீர் வழியாகவே குழந்தையின் வாயை அடைகின்றன. உணவை மென்று ஊட்டுதலையும், தாம் சுவைத்த கரண்டியால் ஊட்டுதலையும் விட்டுவிட வேண்டும். கருவுற்ற மகளிர் தம் சொத்தைப் பற்களுக்கு மருத்துவம் செய்துகொள்வதில் தடையேதும் இல்லை.

துலக்கும் முறை

பல் முளைக்கும் முன்பே, பால் குடித்த பின் தூய ஈரத்துணியால் ஈற்றை மெல்லத் துடைத்துவிடலாம். முதற் பல் வெளிப்பட்ட நாள் முதல் சிறிய, மென்மையான பிரஷ்ஷினால் நாளைக்கு இருமுறை துலக்க வேண்டும். காலையில் துலக்குதல் நம்மிடம் பழக்கமாகிவிட்டது. ஆயினும் இரவில் உறங்கப் போகுமுன் துலக்குவதே மிக இன்றியமையாதது. அதன்பின் தண்ணீரன்றி வேறெதையும் கொடுத்தலாகாது.

பற்பசையில் புளோரைடு என்னும் சத்து சேர்ந்திருத்தல் வேண்டும். கரைந்த மேற்பூச்சை மீண்டும் இறுகச் செய்வது அதுவே. பற்பசைக் கூட்டின்மேல் புளோரைடின் அளவு 'பி.பி.எம்.' என்ற குறியோடு அச்சிடப்பட்டிருக்கும். 1000 அளவில் உள்ளதை வாங்குக. 3 வயது வரை ஓர் அரிசி மணியளவு பசை போதும். 3 முதல் 6 வயது வரை பட்டாணியளவு. விளம்பரங்களில் காண்பதுபோல் பிரஷ் முழுதும் பிதுக்குதல் வீண் செலவு மட்டுமன்று. குழந்தை விழுங்கிவிடுமாதலால் தீதுமாகும். அரிசி மணியளவு என்பது ஏறத்தாழ கால் கிராமிலும் குறைவே. இவ்வளவில் 100 கிராம் பசை ஒரு குழந்தைக்கு ஓராண்டுக்கு மேல் வரும். ஏழைக் குடும்பத்துக்கும் இஃது இயலாத செலவன்று.

துலக்கிய பின் எச்சிலைத் துப்பச் சொல்லுங்கள். குடங்குடமாக நீர்விட்டுக் கொப்பளித்தால், பல்லிற் படிந்த புளோரைடும் கழுவிப் போய்விடும். 7 அல்லது 8 வயது வரை பெரியவர் ஒருவர் துலக்கிவிட வேண்டும். அவ்வயது வரை குழந்தையின் கைக்கு அத்திறம் வாராது. குழந்தையைச் சுவரோரமாகவோ மடியிலோ தலை சாய்த்து வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து துலக்கினால் எல்லாப் பற்களும் கண்ணுக்குத் தெரியும்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்றனர் நம் முன்னோர். நாள்தோறும் பல் துலக்கும் நெறியை இந்நாட்டில் நிலைநாட்டியவர்கள் அவர்களே. அந்நெறியை நாம் போற்றுகின்றோம். எனினும் குச்சியின் முனை பிஞ்சு ஈற்றைக் குத்தும். கடைவாய்ப் பல்லின் பின்புறத்தை எட்டாது. அதில் புளோரைடும் இல்லை. ஆகவே சிறுவர்க்கு அது போதாது. செங்கற்பொடி, ஆற்றுமணல், அடுப்புக்கரி, சாம்பல் ஆகியவை பல்லை வெளுக்கச் செய்வதுபோல் தோன்றினும், மேற்பூச்சையே தேய்த்து அழிப்பன. அவற்றை எவ்வயதினரும் விலக்குதல் வேண்டும்.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

சொத்தை கருங்குழியாகத் தோன்றுமுன் ஓர் அடையாளத்தைக் காட்டுகின்றது. மேல் முன்பற்களில், ஈற்றை ஒட்டினாற்போல், சுண்ணாம்பு பூசியது போன்ற மங்கிய வெள்ளைக் கோடு தென்படும். இதுவே முதற் படி. இந்நிலையிற் கண்டுகொண்டால், இனிப்பு வேளைகளைக் குறைத்தும், புளோரைடு பசையால் துலக்கியும் பல்லை மீட்டுவிடலாம். ஊசியும் வேண்டா, கருவியும் வேண்டா. இரண்டாம் படியில் அக்கோடு மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். மூன்றாம் படியிற் குழி விழும்.

இதனைக் காண மருத்துவர் வேண்டுமென்பதில்லை. மாதம் ஒருமுறை, வெளிச்சமுள்ள திண்ணையில் குழந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் போதும். எங்கள் ஒன்றியத்தில், மேற்கூறிய நிகழ்ச்சிக்குப் பின், அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளிலேயே உதட்டைத் தூக்கிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு குழந்தைக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. தாயை அருகே வைத்துக்கொண்டு பார்த்தல் நலம். ஒருமுறை தன் கண்ணாற் கண்ட தாய்க்கு மறுமுறை சொல்ல வேண்டியிராது.

பல் முளைக்கும் பருவமும் சில நம்பிக்கைகளும்

பல் முளைக்கும்போது வயிற்றுப்போக்கு வருவது இயல்பு, அதற்கு மருந்து தேவையில்லை என்னும் நம்பிக்கை நம் ஊர்களிற் பரவியுள்ளது. இது குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும் நம்பிக்கை. பல் முளைத்தலால் ஈறு தினவெடுக்கும், எச்சில் ஒழுகும், குழந்தை சிறிது சிணுங்கும். வயிற்றுப்போக்கும் கடுங்காய்ச்சலும் பல்லால் வருவன அல்ல. தவழும் பருவத்திற் கையிற் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பதனால் கிருமிகள் உட்சென்று வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன. ஆகவே பல்மேற் பழி சுமத்தி வாளாவிருத்தலாகாது. உடனே ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுக்கத் தொடங்கி, தாய்ப்பாலையும் நிறுத்தாமல், செவிலியரை அணுகித் துத்தநாக மாத்திரையைப் பெற வேண்டும்.

மேற்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று சில ஊர்களில் கூறுவர். பிறக்கும்போதே பல்லிருந்தால் அதனைத் தீய சகுனமாகக் கருதுவாரும் உளர். இவையெல்லாம் இயற்கையில் அரிதாக நிகழும் வேறுபாடுகளே. பிறவிப் பல் ஆடிக்கொண்டிருந்தாலோ, பாலருந்த இடையூறு செய்தாலோ மருத்துவரிடம் காட்டினால் போதும். குழந்தையின்மேல் எவ்விதக் குற்றமும் இல்லை.

நீரிலுள்ள புளோரைடு

பற்பசையில் வேண்டுமென்று கூறிய புளோரைடு, குடிநீரில் அளவு மிஞ்சினால் தீங்கு செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர்வழி இல்லாதவிடத்து 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட நீரைச் சிறுவயது முதற் பருகினால், நிலைப்பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றும்; மிகுதியானால் எலும்பும் பாதிக்கப்படும். நம் மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இக்குறையால் நெடுங்காலம் வருந்தின. காவிரி நீரை அம்மாவட்டங்களுக்குக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது இக்காரணம் பற்றியே.

நிலைப்பற்களின் மேற்பூச்சு உருவாவது பிறந்தது முதல் ஏறத்தாழ 8 வயது வரை. கறை படிந்தபின் துலக்கி அகற்ற இயலாது. ஆகவே, ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருகும் ஊர்கள் அந்நீரைச் சோதித்து அறிய வேண்டும். காய்ச்சினால் புளோரைடு நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு மிகும். குறையுள்ள ஊர்களிற் குழந்தைகளுக்குக் குழாய்வழி வரும் ஆற்றுநீரையே பருகக் கொடுப்பதும், பற்பசை குறித்து மருத்துவரைக் கலந்துகொள்வதும் நல்லது.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

வெள்ளைக் கோடோ பழுப்புக் குழியோ கண்டவுடன் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி வரும் வரை காத்திருத்தல் கூடாது. இப்போது எளிய மருத்துவ முறைகள் வந்துள்ளன. துளையிடும் பொறியும் மின்சாரமும் இன்றி, கைக்கருவிகளால் சொத்தையை எடுத்துவிட்டு அடைக்கும் முறை, ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் 1980-களின் நடுவில் வகுக்கப்பட்டது. சில்வர் டையமின் புளோரைடு என்னும் மருந்தைச் சொத்தையின்மேல் தடவி அது மேலும் பரவாமல் நிறுத்தும் முறையும் உண்டு. சொத்தையிடம் கருத்துவிடும், ஆயினும் ஊசியின்றி, வலியின்றிப் பல் காக்கப்படும். இம்மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்துள்ளது.

கன்னம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சொத்தைக் குழியில் கற்பூரத்தையோ புகையிலையையோ வைத்து அடக்குதல் ஆகாது. ஈறு வெந்து போகும்.

விளையாடும்போது அடிபட்டுப் பல் முழுதாக வெளியே வந்துவிட்டால் செய்ய வேண்டியது என்ன? பாற்பல்லாயின் அதனைத் திரும்பப் பொருத்தலாகாது. நிலைப்பல்லாயின், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, மண்ணிருந்தால் நீரிற் சற்றே அலசி, ஒரு கிண்ணம் பாலில் இட்டு, அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொண்டு செல்ல முயல வேண்டும். திரும்பப் பொருத்தி அப்பல்லைக் காப்பாற்றக்கூடும். பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

ஊர் செய்யத்தக்கவை

வீட்டளவில் நின்றுவிடாமல் ஊரளவிலும் இப்பணி நடைபெற வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டில், பாலர் பள்ளிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் நாள்தோறும் குழந்தைகள் பல் துலக்கும் ஏற்பாட்டைப் பரப்பினர். அந்நாட்டில் 5 வயதளவில் வெளிப்படையான சொத்தை இல்லாத குழந்தைகள் 2003-ஆம் ஆண்டு 100-க்கு 45 பேராக இருந்தனர். 2020-ஆம் ஆண்டு 73 பேருக்கு மேல் ஆயினர். பெரிய பொறிகளால் அன்று, பிரஷ்ஷும் சிறிது பசையும் நாள் தவறாத ஒழுங்கும் கொண்டே இதனை எய்தினர்.

அவ்வொழுங்கு நம் அங்கன்வாடிகளுக்கு எட்டாததன்று. பகலுணவுக்குப்பின் குழந்தைகள் வரிசையாய் அமர்ந்து பல் துலக்கப் பழக்கலாம். ஒவ்வொரு பிரஷ்ஷிலும் குழந்தையின் பெயரோ, எழுத்தறியாப் பிள்ளைக்கு ஒரு பூவோ பறவையோ குறித்து, ஒன்றோடொன்று உராயாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை பிரஷ்களை வாங்கி அளிக்க முன்வரலாம். பள்ளியருகே பெட்டிக்கடை வைத்திருப்பவரைப் பகைத்துக்கொள்ள வேண்டா. அவரையும் அழைத்துப் பேசி, மிட்டாய்ப் புட்டிகளுக்கு முன்னே அவித்த கடலையையும் கொய்யாவையும் வைக்கச் செய்யலாம். விற்பனை குறையாது என்று கண்டால் அவர் மறுக்கமாட்டார்.

2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். பற்சொத்தையும் அச்சோதனையில் அடங்கும். குழு வரும் நாளைப் பணியாளர் முன்கூட்டியே அறிந்து ஊரில் தெரிவித்தால், எந்தக் குழந்தையும் விடுபடாது. பரிந்துரைச் சீட்டுப் பெற்ற குழந்தை உண்மையில் மருத்துவமனைக்குச் சென்றதா என்று பார்ப்பதும் நம் கடமை. சீட்டு பெட்டியில் உறங்கினால் சொத்தை உறங்குவதில்லை.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. முதற் பல் முளைத்த நாள் முதல் நாளைக்கு இருமுறை துலக்குக. இரவில் தவறாது துலக்குக.
2. 3 வயது வரை அரிசி மணியளவு, 6 வயது வரை பட்டாணியளவு புளோரைடு பசை.
3. புட்டியை வாயில் வைத்து உறங்க விடாதீர்.
4. இனிப்பு, உணவு வேளையோடு மட்டும்.
5. மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்க்க. வெள்ளைக் கோடு கண்டால் காத்திராதீர்.
6. 6 வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல் விழுந்து முளைக்கும் பல் அன்று.

முடிவுரை

நம் நாட்டின் சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த வளர்ச்சிப் பணிகள் 1975-ஆம் ஆண்டு அதே நாளிற் தொடங்கப்பெற்றன. ஆண்டுதோறும் அந்நாளில் நம் ஊர்களிற் கிராம சபையும் கூடுகின்றது. சாலை, விளக்கு, குடிநீர் ஆகியவற்றோடு, நம் ஊர்க் குழந்தைகளின் பற்கள் எவ்வாறுள்ளன என்னும் கேள்வியையும் அச்சபையில் ஒருவர் எழுப்புவாராக. கேள்வி எழுந்தால், விடை சொல்ல வேண்டிய கடமை எங்களைப் போன்றோரைச் சாரும்.

முன்னர் நாம் குறிப்பிட்ட குழந்தை இப்போது பள்ளியிற் படிக்கின்றாள். அண்மையில் அவ்வூர்ப் பள்ளிக்குச் சென்றபோது அவளைக் கண்டோம். கட்டைகளாய் நின்ற முன்பற்கள் விழுந்து புதுப் பற்கள் பாதி முளைத்திருந்தன. ஆனால் அவள் பாட்டி எங்களுக்குப் பெருமையோடு காட்டியது முன்பற்களையன்று. பேத்தியை வாய் திறக்கச் சொல்லி, உள்ளே முளைத்திருந்த கடைவாய்ப் பல்லை விரல் நீட்டிக் காட்டினார். "இது விழாத பல்லுங்கய்யா; ராத்திரி தவறாம நாந்தான் வெளக்கிவிடறேன்" என்றார். அதிற் சொத்தை இல்லை.